காந்தத்தருகே வைத்த கடிகாரம்

செந்தூல் ரயில் பட்டறையில் நான் ஃபிட்டராக இருந்தபோது, ஒதுக்கிப் போட்ட பழைய தொலைபேசிப் பெட்டியிலிருந்து ஒரு லாடக் காந்தத்தைக் கழற்றி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எனக்கு வித்தை காட்டும் புத்தி அதிகம். ஞாயிறு பிற்பகலில் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் என் மேசையைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். காந்தத்தின் மேல் தாளை விரித்து, பட்டறை இரும்புத்தூளைத் தூவி, விரலால் மெல்லத் தட்டுவேன். தூள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளைவு வளைவாக அணிவகுக்கும். கண்ணுக்குத் தெரியாததையே காட்டிவிட்டேன் என்று பீற்றிக்கொள்வேன்.

அக்காள் வீட்டுக்காரரும் ஒருநாள் வந்திருந்தார். மாமா என்றுதான் அழைப்பேன். கிள்ளான் ரயிலில் கொடி காட்டி வண்டியை அனுப்பும் கார்டாகி அவருக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. காற்றுக்குத் தாள் பறந்தது. மாமாவின் சட்டைப்பைக் கடிகாரத்தை வாங்கி ஒரு மூலையில் வைத்தேன். தூள் கோடுகள் கடிகாரத்தின் பக்கம் திரும்பின. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பெருமை தாங்காமல் அதைக் காந்தத்துக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினேன்.

மறுநாள் ஒரு சின்ன நிறுத்தத்தில் மாமா கடிகாரத்தைப் பார்த்துப் பச்சைக் கொடி காட்டினார். வண்டி ஏழு நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. அதில் ஏற வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். விசாரணை முடிந்து, மாமாவைச் சரக்குக் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

"காலையில ஸ்டேஷன் கடிகாரத்தோட ஒத்துத்தான் பார்த்தேன் மாப்புள. முள்ள நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் போல," என்றார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. ரிப்பேர் பார்ப்பதாகச் சொல்லிக் கடிகாரத்தை வாங்கி, திசைகாட்டியின் அருகே பிடித்தேன். ஊசி சட்டென்று திரும்பியது. கடிகாரத்துக்குள் காந்தம் ஏறியதால்தான் முள் வேகமாக ஓடியிருக்கிறது. அந்த இரண்டையும் விசாரித்த துரையின் மேசைமேல் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் மாமாவின் பெயர் சுத்தமாகியிருக்கும். ஆனால் காந்தம் ஏது என்று கேட்பார்கள். என் வேலை போய்விடும். பயந்துவிட்டேன்.

"விடுங்க மாமா, யாருக்கும் வர்ற தப்புதானே," என்றேன். இன்று நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன்பிறகு மாமா தன் கண்ணையே நம்பாதவராகிவிட்டார். ஊரிலிருந்து வந்த கடிதத்தைக்கூட என்னிடம் நீட்டி, "நான் சரியாத்தான் படிச்சேனா பாரு மாப்புள," என்பார். சரியாகத்தான் படித்திருப்பார். கண்மூடும்வரை அவர் சந்தேகப்பட்டது தன்னைத்தான். என்னை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.