முதல் ஜீப்புக்கு நல்ல காடு

1. மஸ்டர் நேரத்தில் வந்த போன்

சாந்தன்பாறைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் நான் ரைட்டர். மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவது, எந்தக் கூட்டம் எந்தக் காட்டில் காய் எடுக்க வேண்டும் என்று பிரித்து அனுப்புவது, சாயங்காலம் எடை போடுவது எல்லாம் என் வேலை. வேலையாட்களில் பெரும்பாலோர் தேனிப் பக்கத்திலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் மலையேறி வரும் பெண்கள்.

போன ஆண்டு காய் எடுப்பு மும்முரமாக இருந்த ஒரு சனிக்கிழமை. ஐந்து ஜீப்பில் நான்குதான் வந்து சேர்ந்திருந்தன. ஐந்தாவதில் என் மகள் ஜெனி இருந்தாள். தேனியில் நர்சிங் படிக்கிறவள், லீவுக்கு வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நம் தோட்டத்து ஜீப்பிலேயே ஏறிவிடு, ஏழரைக்குள் வந்துவிடலாம் என்று சொன்னது நான்தான்.

போன் வந்தபோது மஸ்டரில் பாதிப் பெயர்கள் எழுதியிருந்தேன். மீதியை யார் எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூடுபனி. வளைவில் முன்னால் போன ஜீப்பை முந்தப் பார்த்து வண்டி கவிழ்ந்திருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு பெண்களுக்குக் கையில் அடி. ஜெனிக்கு இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. டிரைவர் செல்வத்துக்கு நெற்றியில் நாலு தையல். நாலுதானா என்று நான் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

2. கடிதம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே ஒரு கடிதம் எழுதினேன். இந்த டிரைவரை இனி எந்தத் தோட்டமும் எடுக்கக் கூடாது என்று. எழுதிக் கொடுங்கள், ஒப்பு போட்டுத் தருகிறேன் என்று எங்கள் மலையாளி மேனேஜர் சொல்லியிருந்தார். அவர் கையெழுத்து விழுந்தால் சுற்றிலும் உள்ள தோட்டங்கள் கேட்கும். போலீஸ் கேஸ் தனியாக நடந்தது. லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். என் கடிதமோ ஆயுளுக்கும் முடக்கிவிடும்.

இதற்கு ஒரு மாதம் முன்னால்தான் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பகைவரை நேசிப்பது பற்றிப் பேசியிருந்தேன். நன்றாகவே பேசினேன். வேறு மதத்தவர், வேறு கட்சிக்காரர், வாட்ஸ்அப்பில் வெறுப்பைப் பரப்புகிறவர், இவர்களையும் நேசிக்கத்தான் வேதம் சொல்கிறது என்றேன். இவர்களில் ஒருவரும் என் பிள்ளையைத் தொட்டதில்லை. அதனால் சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள் செல்வம் வார்டு வாசலில் வந்து நின்றான்.

"மன்னிப்பு கேக்க வரல ரைட்டரம்மா. பாப்பா மொகத்த ஒருதரம் பாத்துட்டுப் போயிர்றேன்."

நான் கதவைச் சாத்தினேன். பிறகு அவனுக்காக ஜெபித்தேன். ஆண்டவரே, அவன் செய்ததை அவனுக்கு உணர்த்தும் என்று. சாபத்தைத்தான் ஜெபம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

3. ஜெனி கேட்டது

இரண்டாவது வாரம் ஜெனி அன்று நடந்ததைச் சொன்னாள். இவர்கள் ஜீப்பை எங்கள் தோட்டத்துக்கே வரும் இன்னொரு ஜீப் முந்தியிருக்கிறது. அதிலிருந்த பெண்கள் பின்னால் திரும்பி, "அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு மெதுவா வாங்கடி" என்று சிரித்திருக்கிறார்கள். உடனே இவள் பக்கத்திலிருந்தவர்கள் செல்வத்தை நெருக்கத் தொடங்கினார்களாம். "மிதிண்ணே. நேத்தும் பள்ளக்காடு, இன்னைக்கும் பள்ளக்காடா?"

சொல்லிவிட்டு ஜெனி கேட்டாள்: "மொத ஜீப்புக்குத்தான் நல்ல காடாம்லம்மா. அந்த ரூல யாரும்மா போட்டது?"

நான் போட்டது. எட்டு வருடத்துக்கு முன் ரைட்டராக வந்தபோது ஜீப்புகள் எட்டரைக்கு வரும். முதலில் வரும் கூட்டத்துக்கு காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கத்துச் சமதளக் காடு, கடைசியில் வருவோருக்கு அட்டை மொய்க்கும் பள்ளக்காடு என்று மாற்றினேன். அங்கிருந்து காய்ச் சாக்கை மேடேறித் தூக்கி வர வேண்டும். ஒரே வாரத்தில் எல்லா ஜீப்பும் ஏழரைக்கு வந்தன. மேனேஜர் பாராட்டினார். எப்படி வருகிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

நான்தான் போட்டேன் என்றேன். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பகைவரை நேசிக்கச் சொல்லும் அதே வேத அதிகாரத்தில், கொஞ்சம் முன்னால், காணிக்கை செலுத்த வந்தவனைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பாதியில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது. சகோதரன்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்றே பல வருடமாக வாசித்து வந்திருக்கிறேன். அங்கே இருப்பது அதுவல்ல. அவனுக்கு என்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது.

4. பலகை

பூப்பாறை ஜீப் ஸ்டாண்டில் செல்வத்தைத் தேடிப் பிடித்தேன். ரூல் என்னுடையது, அதற்காக மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"ரூலு ஒங்களுதுதான் ரைட்டரம்மா. மிதிச்சது என் காலுல்ல?"

எனக்குத் தெரிந்த பிரசங்கங்களில் இவ்வளவு நேர்மையான வாக்கியம் குறைவு. கேஸை நான் தடுக்கவில்லை. ஜெனி நடந்ததை நடந்தபடியே வாக்குமூலம் கொடுத்தாள். நேசிப்பதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேனேஜரிடம் இன்னும் கொடுக்காதிருந்த அந்தக் கடிதத்தைக் கிழித்தேன்.

ஸ்டோர் வாசலில் ஒரு பலகை வைத்தேன். மறுநாள் எந்த ஜீப்புக்கு எந்தக் காடு என்று முந்தின சாயங்காலமே அதில் எழுதிவிடுவேன். பள்ளக்காடு முறைவைத்து எல்லோருக்கும் வரும். "இனி எல்லாரும் எட்டரைக்குத்தான் வரும் ரைட்டரே" என்றார் மேனேஜர். எட்டுக்கு வருகிறார்கள். அந்த அரை மணியை நான் எங்கும் குறித்து வைப்பதில்லை.

லைசென்ஸ் திரும்பியதும், பிரேக் சோதித்த சீட்டும் அளவான ஆட்களுமாகச் செல்வம் வந்தார். மஸ்டரில் அவர் ஜீப்பை மறுபடி சேர்த்தேன்.

புதிதாக ரைட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் தாமதம் என்று எழுதுமுன், யாரை எதற்காக ஓட வைக்கிறோம் என்று பாருங்கள்.

வளைவில் ஹாரன் கேட்டால் இன்னும் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். போன மாதம் ஜெனி ஊன்றுகோலோடு கல்லூரிக்குத் திரும்பினாள். பஸ்ஸில் கால் நீட்ட இடமிருக்காது, செல்வம் அண்ணன் வண்டியில் போகிறேன் என்று அவளேதான் சொன்னாள். முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, மெதுவாகப் போங்கள் என்று மூன்று தரம் சொன்னேன்.

"இப்ப யாரையும் முந்த வேண்டியதில்லையே ரைட்டரம்மா" என்றார் செல்வம்.

வண்டி மெதுவாகத்தான் இறங்கியது. பின்னால் வந்த ஒரு லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டதை நின்று பார்த்தேன்.