அடக்கத்தன்று ஆக்கிய சோறு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இத்தாலியின் சிசிலித் தீவில், பாலெர்மோ நகரின் பல்லரோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு சீன உணவகத்தில் நான் மரக்கறி வெட்டினேன். பட்டதாரி ஒருவன் இதை எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உழைத்ததை மறைப்பதே இழிவு என்பது என் கருத்து.

உணவகத்தை ஒரு சீனக் கணவனும் மனைவியும் நடத்தினார்கள்; அதன் மாடியிலேயே குடியிருந்தார்கள். முதலாளி அடுப்படியில் நிற்பார். அம்மையார் கல்லாவில் இருப்பார். என் படிப்பை அறிந்து, இருவரும் என்னைப் ‘புரொஃபெஸோரே’, அதாவது பேராசிரியரே, என்றே அழைத்தார்கள். அம்மையார் அழைக்கும்போது மட்டும் அதில் கேலி இருக்கும். நான் கரட்டுகளை ஒரே அளவாக நறுக்குவதைக் கண்டால், “புரொஃபெஸோரே, இது சோதனைத் தாள் இல்லை. மென்று விழுங்கப் போகிறார்கள்” என்பார். எங்கள் மூவருக்கும் இத்தாலிய மொழி அரைகுறைதான். கேலிக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு குளிர்காலத்தில் அம்மையார் நோயுற்று இறந்தார். அடக்கம் முடிந்த நண்பகலில் முதலாளி நேரே அடுப்படிக்குள் போய்த் தீ மூட்டினார். சோறும் ஏழு கறிகளும் ஆக்கினார். மேசைகளில் வெள்ளை விரித்தார்; வாசலருகே ஒரு கிண்ணம் நிறைய இனிப்புகளை வைத்தார்; கதவை அகலத் திறந்துவிட்டார்.

நாங்கள் சிஞோரா என்று அழைக்கும் எதிர்வீட்டு இத்தாலிய மூதாட்டி, துணியால் மூடிய பாஸ்தாச் சட்டியோடு வந்தார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலார்தான் உணவு கொடுப்பார்கள் என்பது சிசிலியர் வழக்கம். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கமும் அதுவே. விரித்த மேசைகளைக் கண்டதும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மண் போட்ட கை காயவில்லை, அதற்குள் வியாபாரமா?”

தெருவுக்கே கேட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த அயலவர்கள் தங்கள் தட்டுகளோடு திரும்பிப் போனார்கள்.

நான் முதலாளியிடம் காரணம் கேட்டேன்.

“வியாபாரம் இல்லை, புரொஃபெஸோரே. இன்றைக்கு எவரிடமும் காசு வாங்க மாட்டேன். எங்கள் ஊரில் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டார் சோறு போட்டுத்தான் அனுப்புவோம். ஒருவரும் உண்ணாவிட்டால், அவளுக்கு இந்த ஊரில் ஒருவரும் இல்லை என்றாகிவிடும்.”

அதைச் சிஞோராவிடம் சென்று சொன்னேன். அவர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு உள்ளே வந்து முதலாளியை அணைத்தார். உண்ணும்படி கேட்டதற்கு மட்டும் இணங்கவில்லை.

“இறந்த வீட்டுச் சோற்றை நான் எப்படித் தின்பேன், மகனே? நீ சாப்பிடு.”

“வந்தவர்கள் உண்ணாமல் நான் உண்ணக்கூடாது” என்றார் முதலாளி.

பாஸ்தாவும் ஏழு கறிகளும் ஒரே மேசையில் ஆறிக்கொண்டிருந்தன.

சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டில் தண்ணீரும் அருந்தாத குடும்பம் எங்களுடையது. நான் கைகழுவிவிட்டு அமர்ந்தேன். முதலாளி ஒவ்வொன்றாகப் பரிமாறினார். கரட்டுகளை அன்று அவரே வெட்டியிருந்தார். துண்டுகள் பெரிதும் சிறிதுமாய்க் கோணியிருந்தன. அதைச் சொல்லிச் சிரிக்க அந்த வீட்டில் ஆளில்லை. நான் உண்டு முடித்த பிறகுதான் அவர் பாஸ்தாவில் ஒரு கவளம் எடுத்தார். வேறொருவரும் வரவில்லை.

புறப்படும்போது ஓர் இனிப்பை என் கையில் வைத்தார்.

“வீட்டுக்குப் போகுமுன் தின்றுவிடுங்கள். கசப்பு உங்களோடு வரக்கூடாது.”

தின்றேன். என் வீட்டு வாசலில் மனைவி காத்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, செத்த வீட்டிலை கை நனைச்சனீங்களாம். எங்கடை சனம் வாசலாலை கண்டுபோட்டுக் கதைக்குது.”

“ஓம், நனைச்சனான். கதைக்கட்டும்.”

“கதைக்கிறவைக்கு நான்தானே முகம் குடுக்கவேணும்? முழுகிப்போட்டு உள்ளை வாங்கோ.”

மறுநாள் போனபோது கிண்ணம் ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கலாமே என்றேன்.

“கூடாது. அவை அவளை வழியனுப்ப வந்தவர்களுக்கு உரியவை.”

கிண்ணத்தைக் கல்லாவுக்குப் பின்னால், அம்மையாரின் நாற்காலியில் வைத்தார். அடுத்த கோடையில் உணவகத்தைக் கைமாற்றிவிட்டு அவர் வடக்கே போகும்வரை அது அங்கேயே இருந்தது. வெக்கையில் இனிப்புகள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.