பாதித் தொட்டி

என் அக்கா ஹபீபாவின் வீட்டுக்காரர் அப்துல் மாலிக், எழுபதுகளில் செங்கல்பட்டில் தண்ணீர் லாரி ஓட்டினார்; நான் அதில் கிளீனர். அவ்வளவு பயந்தாங்கொள்ளியான டிரைவரை நான் பார்த்ததில்லை. தொட்டி நிறைந்திருந்தால் வெற்றிலையை மென்றுகொண்டு நிம்மதியாக ஓட்டுவார். பாதி காலியானால் போதும், முகம் வெளுத்துவிடும். சைக்கிள்காரன்கூட எங்களை முந்திப் போவான்.

"வெயிட்டு கொறஞ்சா நல்லதுதானே மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரொம்பிகினு இருந்தா தண்ணிக்கு நவுர எடமில்ல, கம்முனு கெடக்கும். பாதின்னா உள்ள ஓடும். பிரேக் போட்டா வண்டி நிக்கும், அது நிக்காது. முன்னால மோதும், பின்னால போவும், திரும்ப வந்து மோதும்."

தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்தால் இந்த ஓட்டம் அடங்கும். முதலாளியோ எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். கேட்டுக் கேட்டு மச்சானுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தக் கோடையில் கடலோரக் கிணறுகளெல்லாம் உப்புக் கரித்தன. முதல் குப்பத்தில் பாதியை ஊற்றிவிட்டு நெம்மேலிக்கு அப்பால் இன்னொரு குப்பத்துக்குப் போவோம். லாரி நிற்காமல் போய்விடுமோ என்று அங்கே பெண்கள் ரோட்டுக்குக் குறுக்கே பித்தளைக் குடங்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம். ஒருநாள் ஆதியம்மாள் என்ற மீன்காரி, குடத்தோடு தானும் உட்கார்ந்துவிட்டாள். மடியில் கைக்குழந்தை.

வளைவு திரும்பியதும்தான் தெரிந்தது. மச்சான் பிரேக்கை அழுத்தி மிதித்தார். ரோட்டில் காற்று கொட்டிய மணல். வண்டி வழுக்கி, குடங்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. எனக்கு உயிர் வந்தது. அவருக்கு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மோதித் திரும்பிப் போவது சீட்டிலேயே தெரிந்தது.

"எழுந்து போம்மா!" என்று கத்தினார். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

அவள் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டாள். "இன்னா பாய், வெரட்டுற? அதான் வண்டி நின்னுகினு கீதே!" என்று சம்மணம் போட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள்.

விளக்கிச் சொல்ல நேரமில்லை.

"அலை!" என்று அலறினார் மச்சான். "அலை வருது, அலை!"

குப்பத்துக்காரிக்கு அந்த ஒரு சொல் போதும். குழந்தையை வாரிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினாள். தொட்டிக்குள் தண்ணீர் இரண்டாம் முறை வந்து மோதியது. பிரேக் பிடித்தபடியே வண்டி மணலில் முன்னால் சறுக்கி, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக் குடத்தை அப்பளமாக நசுக்கியது.

ஆதியம்மாள் கடலைப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது. பிறகு குடத்தைப் பார்த்தாள். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா தட்டு வைத்தாள். மச்சான் சோற்றில் கை வைக்காமல் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"வூட்டுக்கு வந்து எம்மா நேரமாச்சு! இன்னாங்க, தரைய இந்த மிதி மிதிச்சினு கீறீங்க?" என்றாள்.

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "எடுத்தா அந்தக் கொழந்த..." என்றார். அழுதார். அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கினாள்.