தணிக்கை நாளில் வந்த லட்டு

பட்டு அக்காவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. செகந்திராபாத் பக்கம் பாலாநகரில் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அவருடைய அப்பா மத்திய அரசுத் தொழிற்சாலை வேலைக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். அக்கா பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தியதெல்லாம் போவன்பள்ளியில். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, உருதுவில் முடிப்பார். கார்களுக்குள் போகும் வயர்களைக் கத்தை கத்தையாகக் கட்டுவது எங்கள் கம்பெனியின் தொழில். அக்கா கட்டியதை யாரும் மறுபடி சோதித்துப் பார்க்க மாட்டார்கள்.

2006-இல் ஜெர்மனிக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. தொழிலாளிகளை மனிதர்களாக நடத்தும் கம்பெனி என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வெளியிலிருந்து தணிக்கையாளர் வருவார், தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டும் பேசுவார். ஆர்டர் கைவிட்டுப் போனால் ஒரு ஷெட்டையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

எங்களிடம் இருந்த அக்கிரமம் டோக்கன்தான். பெண்கள் கழிவறைக்குப் போவதென்றால் சூப்பர்வைசர் மேஜையில் தொங்கும் பித்தளை டோக்கனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே டோக்கன். போனவள் வரும்வரை அடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரோகிணிக்கு அப்போது ஐந்து மாதம். டோக்கனுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, ஒரு நாள் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து பட்டு அக்கா, எச்.ஆர். மேனேஜர் கிருஷ்ணகுமாரைப் பார்க்கும் இடத்திலெல்லாம், "சார், அந்த டோக்கன்..." என்று ஆரம்பித்துவிடுவார். கோயம்புத்தூர்க்காரரான அவர், "பாக்கலாங்க, பாக்கலாங்க" என்று நழுவுவார்.

ஒரு நாள் அவரே அக்காவைக் கூப்பிட்டார்.

"லீவே போடாம வேலை செய்யறீங்க. கம்பெனி செலவுல திருப்பதி போயிட்டு வாங்க. வியாழக்கிழமை வந்தாப் போதுங்க."

அக்கா பூரித்துப் போனார். பார்த்தவர்களிடமெல்லாம் டிக்கெட்டைக் காட்டினார். தணிக்கை புதன்கிழமை என்று எங்களுக்குச் சொன்னது அவர் ரயில் ஏறிய பிறகுதான். டோக்கனும் அன்றே மேஜை டிராயருக்குள் போய்விட்டது. எப்போது வேண்டுமானாலும் கழிவறைக்குப் போகலாம் என்று சொல்லும்படி பெண்களுக்குப் பாடம் நடந்தது.

கிருஷ்ணகுமார் கெட்டிக்காரர்தான். ஆனால் அக்காவைப் போய்த் திருப்பதிக்கு அனுப்பினாரே! உண்டியலில் போடச் சொல்லி ஷெட்டில் பாதிப் பேர் அக்காவிடம் காணிக்கை கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிரசாதம் சேர்க்காமல் அவர் வீட்டுக்குப் போவாரா? தரிசனம் சீக்கிரம் முடிந்துவிட்டது. புதன்கிழமை காலை செகந்திராபாத்தில் இறங்கியவர், ஆட்டோ பிடித்து நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

நான் வாசலை ஒட்டிய ஸ்டோரில் இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த தணிக்கையாளர் ஜெயச்சந்திரனுடன் கிருஷ்ணகுமார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் கிருஷ்ணகுமாரின் முகம் வெளுத்துப்போனது.

"உங்களுக்கு இன்னிக்கு லீவுங்களே."

"பிரசாதத்த வீட்ல வெச்சுட்டு ஒக்காரச் சொல்றீங்களா? நக்கோ சார், அதெல்லாம் வேணாம்" என்றார் அக்கா.

பிரசாதத்துடன் வந்தவரைத் திருப்பி அனுப்பும் தைரியம் எந்த மேனேஜருக்கு உண்டு? கிருஷ்ணகுமார் லட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெயச்சந்திரன் கம்பெனி டீயைக்கூடத் தொடாத மனிதர். அவரும் கையை நீட்டினார்.

"எல்லாரும் போயிருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், நான் மட்டும்தான். கம்பெனியே டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க." அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெயச்சந்திரன் மென்றுகொண்டே கிருஷ்ணகுமாரைப் பார்த்தார். கிருஷ்ணகுமார் தென்னை மரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது, தனக்குக் கிடைத்தது பரிசு இல்லை என்று. பூரித்திருந்த முகம் சுருங்கிப்போனது.

"மொதல்ல இவங்ககிட்ட பேசிடறேன்" என்றார் ஜெயச்சந்திரன்.

உள்ளே பேசியது வெளியே வரக் கூடாது என்பது விதி. அந்த விதி தணிக்கையாளருக்குத்தான், அக்காவுக்கு இல்லை. அரை மணி நேரத்தில் ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டதாம். சொன்னால் ஆர்டர் போய்விடுமோ, இத்தனை வீட்டு அடுப்பு அணைந்துவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் ரோகிணியின் கதி? கடைசியில் தணிக்கையாளரிடமே கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னா ஆர்டர் போயிடுமா சார்?"

"குறை இருந்தா எழுதுவோம், சரி பண்ண டைம் குடுப்போம். சரி பண்ணிட்டா சர்டிபிகேட் வந்துடும். நாங்க வர்றதே அதுக்குத்தாம்மா. மறைச்சாத்தான் சிக்கல்."

"ஹவ்வா? அப்படியா? அப்ப எழுதிக்குங்க" என்று அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம்.

டோக்கன், மனப்பாடப் பதில்கள், திருப்பதி டிக்கெட் எல்லாம் அறிக்கையில் ஏறின. கிருஷ்ணகுமார் கொஞ்ச நாள் அக்காவைப் பார்த்தால் வேறு வழியாகப் போனார். ஆனால் முதலாளி கேட்ட கேள்வியில் வேலை மளமளவென்று நடந்தது. ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் உட்கார ஒவ்வொரு வரிசைக்கும் மாற்று ஆள் போட்டார்கள். டோக்கன் பழைய இரும்புக்காரனிடம் போனது. மூன்று மாதம் கழித்து ஜெயச்சந்திரன் மறுபடி வந்து பார்த்தார். சான்றிதழ் வந்தது, பின்னாலேயே ஆர்டரும் வந்தது. தொழிலாளிகளின் பிரதிநிதியாக ஓட்டுப் போட்டு அக்காவைத் தேர்ந்தெடுத்தோம்.

கிருஷ்ணகுமார் வந்து கை கூப்பினார். "நான்தானுங்க தப்புப் பண்ணிட்டேன். உங்கள ஊட்டிக்கு அனுப்பியிருக்கணும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வாரக் கடைசியில் ரோகிணி பிரசவ லீவில் போனாள். ஷிப்ட் முடிந்ததும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு எத்தன தடவ எந்திரிச்சுப் போனேன்னு எனக்கே நெனப்பில்லக்கா" என்றாள்.

பட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.