ஏழு பீங்கான் உப்பு

மதிலில் வைத்த பீங்கான் தட்டு வெயிலில் சூடேற, அதிலிருந்த களப்புத் தண்ணீர் மணக்கத் தொடங்கியது. பாசி மணம், மீன் மணம், கொஞ்சம் எஞ்சின் ஒயில் மணமும்... அந்த ஒயில் மணம் என் கையிலிருந்து வந்தது.

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம். கற்பிட்டிப் பக்கம், கடல்நீர் உள்ளே தேங்கும் களப்பின் கரையில், எங்கள் வீட்டில் நானும் ஆறு வயது மகளும்தான். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். பிளேன் ஓடாததால் ஊருக்கு வர வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

நான் போட் எஞ்சின் திருத்துகிறவன். அந்த நாட்களில் மகளுக்கு வாத்தியாரும் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையான வாத்தியார் குவைத்தில் இருந்தாள்.

அவள் வேலை செய்த வீட்டில் பிள்ளைகளுக்குக் கையால் செய்யவைத்துத்தான் பாடம் சொல்லிக் கொடுப்பார்களாம். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வொய்ஸ் மெசேஜ் போட்டாள்.

"கொப்பியில எழுதினது போதும். புள்ளைய கையால செய்ய வைங்க. செய்றத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் அதப் பார்த்து சொல்லிக் குடுக்கிறன்."

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தோம். பக்கத்து ஊரான மாம்புரியில் விளைந்த வெங்காயத்தைப் பெரிசு, சிறிசு என்று பிரித்தோம். ஒரு நண்டைப் படம் எடுத்து அனுப்பினோம். "அந்த நண்டுக்கு எத்தின கால் மகள்? போட்டோவ பெருசாக்கி எண்ணிப் பாரு" என்று பதில் வந்தது. மகள் இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்து எண்ணினாள். எண்ணி முடிந்ததும் நிஜ நண்டிலும் சரிபார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். நல்ல நாட்கள் அவை...

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு உப்புப் பாடம் வந்தது. ஒரு பீங்கானில் களப்புத் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைக்க வேண்டும். ஏழு நாளைக்கு, நாளுக்கு ஒரு படம். தண்ணீர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று மகள் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். எனக்கு வேலை இருந்தது என்று இங்கே எழுதலாம்... பொய். பக்கத்து வளவில் கேரம் போர்ட் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஒரே மூச்சில் வேலையை முடித்தேன். விருந்தாளிகளுக்கு என்று வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் செட்டை அலுமாரியிலிருந்து இறக்கினேன். முதலாவதில் நிறையத் தண்ணீர். அடுத்தடுத்ததில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவு. ஏழாவதில் தண்ணீரே இல்லை. குசினியில் இருந்த கல்லுப்பைத் தேங்காய்ச் சிரட்டையால் நசுக்கி ஓரத்தில் தூவிவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் மகளுக்குச் சட்டை மாற்றினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒவ்வொரு சட்டைக்கும் மகள் கேட்டாள். "இது எந்த நாளைக்கு வாப்பா?"

"இது புதனுக்கு. சிரி மகள்."

பெருநாளுக்கு என் தங்கை போட்டுவிட்ட மருதோன்றி அவள் விரல்களில் செக்கச்செவேலென்று இருந்தது. எவ்வளவு வடிவு என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

பிறகு பீங்கான்களைக் கழுவி அலுமாரியில் அடுக்கிவிட்டுக் கேரம் விளையாடப் போனேன். நாளுக்கு ஒரு படம் தவறாமல் குவைத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமைதான் மனைவிக்கு வீடியோ கோல் எடுக்க நேரம் கிடைக்கும். அன்று அவள் மகளிடம் ஆசையாகக் கேட்டாள்.

"அந்தப் பீங்கான்ல விரல வெச்சு நக்கிப் பாரு மகள். நேத்தைய விட கரிக்குதா?"

பீங்கான் எங்கே இருக்கிறது... மகள் என்னைப் பார்த்தாள். ஓமென்று சொல்லு என்பதுபோல் நான் தலையை ஆட்டினேன்.

அவள் கெமராவை விட்டு விலகி மதில்வரை ஓடினாள். வெறும் மதில். திரும்பி வரும்போது வாயில் விரல் இருந்தது.

"ஓம் உம்மா. கரிக்குது."

வாயிலிருந்து எடுத்த கையால் உம்மாவுக்கு டாட்டா காட்டினாள். நாலு நாள் மண்ணில் அளைந்ததில் மருதோன்றி வெளுத்துப்போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. மனைவி போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "சரி மகள்" என்றாள்.

பொய் சொல்லு என்று நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன்... அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்தக் காலத்தில் மகளுக்கு நானாகச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அதுதான். அதையும் அவள் ஒரே தடவையில் படித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் சனிக்கிழமைப் படத்தை அனுப்பினேன். ஞாயிறு, கடைசிப் படம். "மாஷா அல்லாஹ், உப்பு விளைஞ்சிட்டு" என்று பதில் வந்தது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

இப்போது மனைவி ஊரோடு வந்து மூன்று வருடம். மகளுக்குப் பதினொரு வயது. என் போன் முழுக்க அவளுடைய படங்கள்தான், ஒன்றையும் நான் சோடிக்கவில்லை. போன பெருநாளுக்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவியும் மகளும் முற்றத்தில் உட்கார்ந்து மருதோன்றி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனைத் தூக்கினேன். மகள் மருதோன்றிக் கையை விரித்துக் காட்டிக் கேட்டாள்.

"இது எந்த நாளைக்கு வாப்பா?"

பகிடிக்குத்தான் கேட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மனைவி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழம வெளுத்த மருதோண்டி சனிக்கிழம செவந்து வந்திச்சு. தெரியாம ஈக்குமா?"

"பொறகு ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

மருதோன்றிக் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"கேட்டா அதையும் அனுப்பாம விட்டுடுவீங்க என்டு பயந்தன். பொய்யெண்டாலும் ஏழு சட்டையில புள்ளையப் பார்த்தன்தானே."