யார் கிணறு என்று கேட்டார்கள்

நேற்று அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வேர்க்கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், எந்தப் பிள்ளையுடையதோ, இங்கிலீஷ் நோட்டுத் தாள். மை, யுவர், ஹிஸ், ஹெர் என்று வரிசையாக எழுதி, கீழே விட்டுப்போன இடங்களையெல்லாம் நிரப்பியிருந்தான் பாவம். பாதிக்குமேல் சிவப்புக் கோடு. சிரிப்பு வந்தது. கூடவே, தாளில் ஒட்டியிருந்த மணலை முகர்ந்தபோது எங்கள் கிணற்று வாய்க்காலின் வாசனையும் வந்தது.

நண்பரே, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் சுமந்த விதத்தைப் பார்த்தால் நீங்களே கல்லெடுத்து எறிந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் ‘என்’ என்ற சொல் அபூர்வமாகத்தான் காதில் விழும். நம்ப ஊடு, நம்ப மாடு. அடுத்த தெருப் பையன் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும் ‘நம்ப புள்ள’தான். அந்தப் பழக்கத்தோடு பூந்தமல்லி ஸ்கூலுக்குப் போனேன். இங்கிலீஷ் வாக்கியம் எழுதச் சொன்னால் எங்கள் அம்மா, எங்கள் சிலேட்டு, எங்கள் மூக்கு என்று எழுதிவைத்தேன்.

“ஏண்டா, உங்க குடும்பத்துக்கே ஒரே மூக்கா?” என்றார் வாத்தியார். வகுப்பே உருண்டது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் ‘மை’தான். ஒரு மூக்கு பட்ட அவமானம் போதும்.

யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து முகாம் போட்டார்கள். முட்கம்பி வேலி எங்கள் மேட்டு நிலத்தைச் சுற்றிக்கொண்டது. கிணறு உள்ளே, பயிர் வெளியே. அது நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் தாத்தா விட்டுப்போன கிணறு. வாரத்தில் மூன்று நாள் எங்கள் முறை, மூன்று நாள் சித்தப்பா முறை, வெள்ளிக்கிழமை மாட்டுக்கு ஓய்வு. இதை யாரும் எழுதிவைத்ததில்லை. மாடுகளுக்கே தெரியும்.

கிணறு யாருடையது என்று மனுக் கொடுத்தால், உள்ளே போய்வரச் சீட்டுத் தருவதாக முகாமில் சொன்னார்கள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். விடுவேனா? நைனா பேசுவதுபோல எழுதினேன்: மை நிலம், மை கிணறு, மை காளைகள். பிழையே இல்லாத மனு. உரக்கப் படித்தேன். ஒரு சொல்லும் புரியாமல் நைனாவும் சித்தப்பாவும் கைகட்டிக் கேட்டார்கள். சித்தப்பாவுக்குத்தான் கண் கலங்கியது.

“இன்னாமா படிக்கிறான் பாத்தியா அண்ணாத்தே! துரை கெட்டான் போ!”

தன்னை வெளியே தள்ளிய மனுவைத்தான் அவர் அப்படிப் புகழ்ந்தார். அது அவருக்கும் தெரியாது. சத்தியமாக எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

சீட்டு வந்தது. நைனா பெயர் மட்டும். செவ்வாய்க்கிழமை சித்தப்பா முறை. காளைகளை ஓட்டிக்கொண்டு போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்று என்னைக் கேட்டார்.

“ஏம்பா, உங்க கெணத்துல தண்ணி எறைக்கணும்னா இனிமே யாரைக் கேக்கணும்?”

உங்க கிணறு. அந்த வீட்டில் அந்தச் சொல் அதுவரை நுழைந்ததில்லை. நைனா என்னைப் பார்த்தார். “இன்னாடா எழுதின?” நான் தமிழில் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். உள்ளே போய்ச் சீட்டை எடுத்துவந்து தம்பி கையில் வைத்தார்.

“எடுத்துகினு போ. கத்தரிக்கா காயுது. கேட்டா என் பேர சொல்லு.”

“ஐயோ, உன் பேர நான் எப்படி அண்ணாத்தே வாயால சொல்றது?”

அண்ணன் பெயரைத் தம்பி உச்சரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. துணைக்கு நான் போனேன். முகாம் வாசலில் ஒரு வடக்கத்திச் சிப்பாய். சீட்டைப் பார்த்துவிட்டு, “பேர்?” என்றான். சித்தப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார், காளையைப் பார்த்தார். நான் சொல்லலாம் என்றால், பெற்ற தகப்பன் பெயர் எனக்கும் தொண்டையில் நின்றது. படித்தவன் லட்சணம்!

சிப்பாய் மறுபடி அதட்டினான். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, “அண்ணாத்தே!” என்றார்.

சிப்பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தான். உதடு துடித்தபடி நின்ற அந்த மனிதரிடம் அவன் என்ன கண்டானோ, கதவைத் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு நைனா போனாலும், சித்தப்பா போனாலும், “வா, அண்ணாத்தே!” என்றுதான் கூப்பிடுவான். கத்தரி பிழைத்தது. ஆனால் அடுத்தவர் சீட்டில் நுழைகிற கூச்சம் சித்தப்பாவை விடவில்லை. தன் முறை நாட்களில் தலைகுனிந்துதான் போவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது மனு எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, இருவரும் தலையாட்டிய பிறகே அடுத்த வரி. எங்கள் நிலம், எங்கள் கிணறு. வாத்தியார் கையில் சிக்கியிருந்தால் மூக்கை இழுத்திருப்பார். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அதற்குள் லாரி போக ரோடு வேண்டும் என்று கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் சீட்டு வந்தது, இரண்டு பெயரோடு.

“இன்னா போட்டுகீது, படி,” என்றார் சித்தப்பா.

“கிணறு உங்க ரெண்டு பேருதுன்னு போட்டிருக்கு சித்தப்பா.”

“அதான் நமக்குத் தெரியுமே,” என்றார். சீட்டை மட்டும் மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது, அந்தச் சிப்பாயும் ஊர் போய்விட்டான். கத்தரித் தோட்டம் கருவேலங்காடு. மூன்று நாள் முறை தெரிந்த காளைகளையும் விற்றாகிவிட்டது. போன வாரம் சித்தப்பாவோடு அந்த ரோட்டில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். நடு ரோட்டில் ஒரு இடம் வந்ததும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, சுற்றி நடத்திக் கூட்டிப்போனார்.

“பாத்து வாடா. நம்ப கெணறு.”