முந்தியில் நின்ற இடது கை ஆட்டக்காரர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கை, தன் முகூர்த்தப் புடவையின் முந்தியில் தனக்குப் பிடித்த கிரிக்கெட் வீரர் மட்டை பிடித்து நிற்க வேண்டும் என்றாள்.
2. நான் அவரைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்தேன். அவர் வலது கை ஆட்டக்காரர்.
3. அப்பா எங்கள் வீட்டுத் தறியில் அவரை ஜரிகையில் நெய்தார்.
4. மணப்பெண்ணே தறிக்கு அடியில் போனை வைத்துப் பார்த்து, அச்சு அசல் அவர்தான் என்றாள்.
5. புடவையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கி விரித்தபோது அவர் இடது கை ஆட்டக்காரராகியிருந்தார்.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மாப்பிள்ளை வீடு திருப்புட்குழி, விவசாயக் குடும்பம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, பிடித்துப்போய், முடிவான கல்யாணம் என்பதால், இரண்டு வீட்டாரும் ஒருவரிடம் ஒருவர் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாள்வதுபோலப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மட்டை விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மா போனில், “நெய்ங்கமா. பாத்துட்டு சொல்றேன். நல்லா இருந்தா முகூர்த்தத்துக்கு. இல்லனா கடையில ஒன்னு எடுத்துக்கலாம், இத ரிசப்ஷனுக்குக் கட்டிக்கட்டும்” என்று சொல்லியிருந்தார்.

ரிசப்ஷன் என்றால் என் தங்கைக்குத் தோல்வி. “ரிசப்ஷன்ல எவன் புடவைய பாக்கறான்? எல்லாம் பிரியாணியதான் பாப்பான்” என்றாள். இன்னொரு காரணமும் இருந்தது. அந்த வீரருக்கு இது கெட்ட சீசன். எப்போது ஓய்வு பெறுவார் என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து தினமும் விவாதித்தார்கள். “எல்லாரும் அவர கைவுட்டுட்டாங்க அக்கா. தாலி கட்டும்போது அவரு என் தோள்ல இருக்கணும்” என்று அவள் சொன்னபோது சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

டிசைன் போடும் வேலையெல்லாம் ஏஐ பிடுங்கிக்கொள்ளும் என்று வாரம் ஒரு செய்தி வருகிறதே, சரி, பிடுங்கட்டும் என்று முதலில் அதனிடமே கொடுத்தேன். மூன்று கையுறை அணிந்த ஒரு மனிதரைக் கொடுத்தது. மூன்றாவது கையுறைக்குள் எந்தக் கை என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஸ்டம்பை நான்காக்கியது. மனநிம்மதியோடு நானே வரைந்தேன்.

தவறு எங்கே என்றால், எங்கள் தறியில் புடவையின் நல்ல பக்கம் தரையைப் பார்த்தபடி நெய்யப்படும். நெய்பவர் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். இத்தனை வருடத்தில் இதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. மாங்காய், மயில், யாளி எல்லாமே எதிரும் புதிருமாக ஜோடியாக வருபவை. திருப்பிப் போட்டால் இடப்பக்கத்து மயில் வலப்பக்கம் போகும், அவ்வளவுதான். மயில் எந்தக் கையால் ஆடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் படத்தைத் திருப்பாமல் நேராகப் போட்டுவிட்டேன். அப்பா மேலிருந்து பார்த்தார்: வலது கை. தங்கை போனைத் தரையில் மல்லாக்க வைத்து, செல்ஃபி கேமராவில் பார்த்தாள். அது கண்ணாடிபோல இடவலம் மாற்றிக் காட்டும். அதிலும் வலது கை. மூன்று பேருக்கும் பரம திருப்தி. இயற்கைக்கே இடம் வலம் பேதம் தெரியும் என்று ஓர் அறிவியல் கட்டுரையை அந்த வாரம்தான் பஸ்ஸில் படித்தேன். பாதியில் விட்டுவிட்டு, ஒரு நடிகர் தலைமுடியை வெட்டிக்கொண்ட செய்திக்குப் போய்விட்டேன். இத்தனைக்கும் என் வேலை சர்க்யூட் போர்டு வரைவது. போர்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம்.

புடவையை விரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வருவதாகச் சொன்னதும் அதே காலைதான்.

“அக்கா, இது அவர் இல்ல” என்றாள் தங்கை.

“ஆளு அதே ஆளுதாம்மா. கைதான் மாறிக்கிது” என்றார் அப்பா.

“கை மாறினா ஆளே மாறிட்டாரு பெரியப்பா!”

அப்பா யோசித்தார். “அந்தம்மாவுக்கு கிரிக்கெட்டு என்னா தெரியப்போவுது? கதாயுதம் வெச்சிக்கினு நிக்கிறாரு, துவாரபாலகருனு சொல்லிடலாம்.”

“ஹெல்மெட் போட்ட துவாரபாலகரா?”

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா காபி வேண்டாம் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பிடித்தார்.

“யாரும்மா இது?”

தங்கை வீரரின் பெயரைச் சொன்னாள்.

“அவன் லெஃப்ட் ஹேண்டர் இல்லியே.”

துவாரபாலகருக்காகத் திறந்த வாயை அப்பா மூடிக்கொண்டார். நாங்கள் முழிப்பதைப் பார்த்து அந்த அம்மாவே சொன்னார்: “என் பையனுக்கு மட்டைய எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. ஆனா எங்க வீட்ல ரிமோட்டு என் கையிலதான் இருக்குது. ஒரு மேட்ச் வுட மாட்டேன்.”

மறைப்பதில் பயனில்லை. நான் போனைத் தரையில் வைத்து, மேலே முந்தியைப் பிடித்து, நடந்ததைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

“அப்போ போனு பொய் சொல்லிச்சி.”

“ஆமா அத்தை. தினமும் சொல்லிக்கினுதான் இருக்குது” என்றேன்.

தங்கை புடவையை மடிக்க ஆரம்பித்தாள். “கடையிலயே எடுத்துக்கலாம் அத்தை.”

“எதுக்கு? இரு இரு.” அவர் முந்தியைப் பிடுங்கி மறுபடி விரித்தார். “இந்த முட்டி மடக்கறத பாரேன். இது நம்ம ஆளும்மா!” என்று ஒரு பெயரைச் சொன்னார். ஓய்வு பெற்றுப் பல காலமான ஓர் இடது கை ஆட்டக்காரர். “எங்க அப்பா வீட்ல இவனுக்காக நான் வாங்காத திட்டு இல்ல. முகூர்த்தத்துக்கு இதான். யாரு கேட்டாலும் என் ஆளுனு சொல்லணும், அவ்ளோதான்.”

கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் தங்கை மூடவில்லை.

“என் கல்யாணத்துல உங்க ஆளா? உங்க ஆளுக்கு ஸ்பின்னே ஆட வராதே அத்தை!”

அப்பா தறியை நோக்கி ஓர் அடி பின்வாங்கினார்.

“உன் ஆளு மட்டும்? இந்த வருசம் மட்டைய புடிச்சிக்கினு உள்ள வர நேரத்தவிட வெளிய போற நேரம்தான் ஜாஸ்தி!”

“ஃபார்ம் போயிருக்குது அத்தை, ஆளு போகல!”

“அதான் முந்திய வுட்டே போயிட்டானே!”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவர் உட்கார்ந்தார், வேண்டாம் என்ற காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். பேச்சு மதியம் வரை போனது. இரண்டு வீட்டாரும் அதுவரை வைத்திருந்த அளவுக்கு மீறிய மரியாதை அன்றோடு தீர்ந்தது.

இப்போதைய நிலை: புடவை திருப்புட்குழியில், அத்தையின் பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் முகூர்த்தத்துக்கு அதைத்தான் கட்டப்போகிறாள். மண்டபத்தில் கேட்பவர்களுக்கு அது அத்தையின் ஆள். செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிகிறவர் தங்கையின் ஆள். அப்பா தறிக்கு அடியில் தள்ளுவதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கி வந்தார். அதுவும் இடவலம் மாற்றித்தான் காட்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வைத்தேன். தங்கையின் வீரர் நேற்றும் சீக்கிரமே அவுட்டானார்.